ஒன்றுக்குக் கீழே ஓர் எண்

சனிக்கிழமை காலை பத்து மணி இருபது நிமிடம். நேரம் எனக்கு நிச்சயமாகத் தெரியும். பதினொரு மணிக்கு சிட்னியின் பென்டில் ஹில்லுக்கு மரக்கறி வாங்கப் போவதாக இருந்ததால் குசினிச் சுவர் மணிக்கூட்டை அப்போதுதான் பார்த்தேன். பின்வளவில் உடுப்புக் காயப்போட்டுக்கொண்டிருந்த மகள் அபிராமி, அரைக்கூடை ஈர உடுப்பை அப்படியே விட்டுவிட்டு உள்ளே வந்தாள். இடது கையை வலது கையால் தாங்கிப் பிடித்திருந்தாள்.

"அப்பா, இந்தக் கை வேற ஆரோடையோ கை மாதிரி இருக்கு," என்றாள்.

அபிக்கு இருபத்தாறு வயது. இரண்டு வருடங்களாக அவளுக்கு ஒரு நோய். உடம்பைக் காக்கவேண்டிய வெண்குருதிக் கலங்களே பெரிய இரத்தக்குழாய்களின் சுவருக்குள் புகுந்து, அதை வீங்கவைத்து, உள்வழியை ஒடுக்கிவிடும். அதற்கு வாரம் ஒரு ஊசி போட்டுவந்தாள்.

அவள் அப்படிச் சொன்னதும் நான் முதலில் செய்தது இதுதான்: கைத்தொலைபேசியை எடுத்து, பத்து நாட்களுக்கு முன் வந்த அவளுடைய இரத்தப் பரிசோதனை அறிக்கையைத் திறந்தேன். கண்ணாடி தேடி, கடவுச்சொல் போட்டு, பக்கம் விரியும்வரை காத்திருந்தேன். அழற்சியைக் காட்டும் சி.ஆர்.பி. என்ற வரியில் எண் ஒன்றுக்குக் கீழே இருந்தது. பக்கத்தில் எச்சரிக்கைக் குறி எதுவும் இல்லை.

"நம்பர் நல்லாத்தான் இருக்கு," என்றேன்.

என் மனைவி சுகந்தி அதற்குள் அபியின் கையைப் பிடித்துப் பார்த்திருந்தாள். "கை ஐஸ் மாதிரிக் கிடக்கு. நீங்கள் என்ன பேப்பர் பாத்துக்கொண்டு நிக்கிறியள்? கெதியா வெளிக்கிடுங்கோ."

காரில் ஏறியபோது பத்து முப்பத்தொன்று. அந்தப் பதினொரு நிமிடங்கள் இன்னும் என்னை விடவில்லை.

இந்தக் கட்டுரையை எழுதச் சொன்னவள் கவிதா. திருச்சிப் பிள்ளை. வைத்தியசாலை ஆய்வுகூடத்தில் என்னோடு ஆறு வருடம் வேலை செய்தவள். சென்ற வருடம் ஆய்வுகூடத்தில் நீளமான தானியங்கி வரிசை ஒன்றைப் பொருத்தி, வயதானவர்கள் விரும்பினால் முன்கூட்டியே ஓய்வு பெறலாம் என்றார்கள். ஐம்பத்தெட்டு வயதில் நான் கையெழுத்து வைத்தேன். பிறகொரு நாள் பென்டில் ஹில் கடையில் முருங்கைக்காய் பொறுக்கிக்கொண்டு நின்றவள் என்னைக் கண்டுவிட்டுச் சொன்னாள்: "அங்கிள், புதுசா வந்திருக்கிற பசங்களுக்கு மெஷின் தெரியும். மத்த எதுவும் தெரியல. நீங்க பாத்ததெல்லாம் எழுதிக் குடுங்களேன்." பார்க்கலாம் என்றேன். நல்ல நாட்களைப் பற்றித்தான் எழுத நினைத்திருந்தேன். ஆனால் எழுத உட்காரும்போதெல்லாம் அந்தச் சனிக்கிழமைதான் முன்னால் வந்து நிற்கிறது. ஆகவே அதையும் சேர்த்தே எழுதுகிறேன். ஆங்கிலத்தில் எழுதினால் ஆய்வுகூட அறிக்கைபோல வந்துவிடும் என்பதால் தமிழில் எழுதுகிறேன். புதுப் பிள்ளைகளுக்குக் கவிதா வாசித்துச் சொல்லிக்கொடுக்கட்டும்.

யாழ்ப்பாணத்தில் உயிரியல் படிப்பைப் பாதியில் விட்டு வந்தவன் நான். சிட்னியில் முதல் வேலை, வார்டுகளிலிருந்து வரும் பிளாஸ்டிக் பைகளைத் திறந்து, சோதனைக்குழாயில் இருக்கும் பெயரும் தாளில் இருக்கும் பெயரும் ஒன்றா என்று பார்ப்பது. மூன்று வருடம் அதைச் செய்தேன். மாலையில் படித்தேன். பிறகு உயிர்வேதியியல் பகுதிக்கு மாற்றினார்கள். ஓய்வுபெறும்வரை அங்கேதான்.

அங்கே தலைமை விஞ்ஞானியாக இருந்தவர் மார்கரெட். மற்றவர்கள் எல்லோரும் என்னை முதல் நாளே சிவா ஆக்கிவிட்டார்கள். மார்கரெட் என் பெயரை ஒரு தாளில் எழுதித் தரச்சொன்னார். மூன்று நாள் அந்தத் தாளைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு திரிந்தார். நான்காம் நாள் காலை "சிவபாதசுந்தரம்" என்று முழுதாகக் கூப்பிட்டார். இருபது வருடம் அப்படியேதான் கூப்பிட்டார். தவறு கண்டுபிடித்த நாட்களில் மட்டும் ஒவ்வொரு எழுத்தையும் கொஞ்சம் நீட்டுவார்.

எங்கள் காலை இப்படித் தொடங்கும். நோயாளிகளின் இரத்தத்தைத் தொடுவதற்கு முன், அளவு ஏற்கெனவே தெரிந்த இரண்டு திரவங்களை இயந்திரத்தில் ஓட்டவேண்டும். ஒன்று குறைந்த அளவு, மற்றது கூடிய அளவு. விடைகள் எல்லைக்குள் விழுந்தால்தான் அன்றைய வேலை. எல்லைக்குள் விழுந்தாலும் மார்கரெட் திருப்திப்பட மாட்டார். சுவரில் ஒரு வரைபடம் இருந்தது. பென்சிலால் அன்றைய புள்ளியை வைத்து, முந்தைய புள்ளிகளோடு தொடுப்பார். ஐந்து நாள் புள்ளி தொடர்ந்து ஒரே பக்கமாக நகர்ந்தால் இயந்திரத்தை நிறுத்திவிடுவார். வார்டுகளிலிருந்து தொலைபேசி அடித்தபடி இருக்கும். அவர் ரசாயனப் போத்தலின் மூடியைத் திறந்து முகர்ந்து பார்த்துக்கொண்டிருப்பார். யாராவது "இயந்திரம் அப்படித்தான் சொல்கிறது" என்றால் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, "யாரிடம் சொன்னது? என்னிடம் ஒன்றும் சொல்லவில்லையே," என்பார்.

சி.ஆர்.பி. என்பது ஈரல் செய்யும் ஒரு புரதம். உடம்பில் எங்காவது அழற்சி இருந்தால் இரத்தத்தில் ஏறும். அளப்பது எளிது. இரத்தத்தின் தெளிந்த நீரில் அதைப் பற்றிக்கொள்ளும் நுண்துகள்களைக் கலந்தால், கஞ்சித்தண்ணீர்போலக் கலங்கும். எவ்வளவு கலங்குகிறது என்பதை ஒளி பாய்ச்சிப் பார்ப்பதுதான் எண். அந்த ஒரு பரிசோதனையை என் வாழ்நாளில் எத்தனை ஆயிரம் தடவை செய்தேன் என்று எனக்குத் தெரியாது. ஒரு கட்டத்தில் எண்ணைக்கூடப் பார்க்கமாட்டோம். கூடினாலோ குறைந்தாலோ இயந்திரம் பக்கத்தில் ஒரு குறி போடும். குறி இருந்தால் கண் நிற்கும். குறி இல்லாவிட்டால் கண் தாண்டிப் போய்விடும். எங்கள் தொழிலில் எல்லோருக்கும் ஏறும் பழக்கம் இது. அது இல்லாவிட்டால் மதியத்துக்குள் வேலை முடியாது.

இன்னொரு காவலும் இருந்தது. ஒரே நோயாளியின் முந்தைய எண்ணுக்கும் இன்றைய எண்ணுக்கும் பெரிய இடைவெளி இருந்தால் கணினி அறிக்கையை வெளியே விடாது. அநேகமாக இருவரின் சோதனைக்குழாய்கள் மாறியிருக்கும். அப்படித்தான் அந்த அம்மாவின் இரத்தம் என் மேசைக்கு வந்தது.

அறுபதைத் தாண்டிய ஒரு பெண். நெற்றிப்பொட்டிலும் நெஞ்சிலும் உள்ள பெரிய இரத்தக்குழாய்களில் அழற்சி. முந்தைய எண் நூறைத் தாண்டியிருந்தது. பன்னிரண்டு நாளில் இயந்திரத்தால் அளக்க முடியாத அளவுக்கு, ஒன்றுக்குக் கீழே. இது வேறு யாருடைய இரத்தமோ என்று நான் முடிவு கட்டினேன். அறிக்கையை நிறுத்திவிட்டு, மறுபடி இரத்தம் எடுக்கச் சொன்னேன். வார்டு வைத்தியருக்குக் கோபம். நோயாளி சந்தோஷமாக இருக்கிறார், தலைவலி போய்விட்டது, உனக்கு என்ன பிரச்சினை என்றார். இரண்டாம் குழாயும் வந்தது. அதே எண்.

மார்கரெட் ஆய்வுகூடத்தை விட்டு வெளியே போவது அபூர்வம். அன்று வெள்ளை அங்கியைக் கழற்றி மாட்டிவிட்டு வார்டுக்கு நடந்தார். அரை மணி நேரத்தில் திரும்பி வந்து, நோயாளிக்குப் புதிதாகத் தொடங்கியிருந்த ஊசிமருந்தின் பெயரைப் பழைய லேபல் தாள் ஒன்றின் பின்பக்கத்தில் எழுதி என் முன்னால் வைத்தார். போய்த் தேநீர் ஊற்றிக்கொண்டார்.

அன்று மாலை நான் வாசித்துப் புரிந்துகொண்டது இது. இரத்தக்குழாய்ச் சுவரில் இருக்கும் வெண்குருதிக் கலங்கள் ஒரு தூதுப் பொருளை இரத்தத்தில் விடுகின்றன. அது ஈரலுக்குப் போய், ஈரல் கலத்தின் வாசலில் உள்ள ஏற்பியில் உட்காருகிறது. உட்கார்ந்ததும் கலத்தின் உள்ளே ஒரு செய்தி ஓடுகிறது. கலத்தின் உட்கருவில் தூங்கிக்கொண்டிருக்கும் சி.ஆர்.பி. மரபணு விழித்துக்கொள்கிறது. ஈரல் அந்தப் புரதத்தைச் செய்து இரத்தத்தில் கொட்டுகிறது. நாங்கள் அளப்பது அதைத்தான். இந்தப் புதிய மருந்து போய் அந்த வாசலை அடைத்துவிடுகிறது. தூது வருகிறது, கதவு திறப்பதில்லை, மரபணு தூங்குகிறது, எண் விழுந்துவிடுகிறது. பலருக்கு இதே மருந்தினால் நோயும் அடங்கும். ஆனால் அந்தக் கலங்களிடம் வேறு தூதுகளும் உண்டு. சிலருக்கு அவை இரத்தக்குழாய்ச் சுவரில் உள்ள கலங்களின் வேறு மரபணுக்களை எழுப்பி, சுவரைத் தடிக்கவைத்துக்கொண்டே இருக்கும். ஈரலுக்கு அது தெரியாது. எங்களுக்கும் தெரியாது.

இரண்டு மாதம் கழித்து அந்த அம்மாவுக்கு ஒரு கண்ணில் பார்வை போனது. அன்றும் அவருடைய எண் ஒன்றுக்குக் கீழேதான் இருந்தது. வார்டில் அதைப் பார்த்துத்தான் ஆறுதலாக இருந்திருக்கிறார்கள்.

மார்கரெட் யாரையும் குற்றம் சொல்லவில்லை. அந்த மருந்து எடுப்பவர்களின் அறிக்கையில் அச்சிட ஒரு குறிப்பு எழுது என்றார். ஐந்து வரி எழுதிக் கொடுத்தேன். வார்டில் ஐந்து வரி வாசிக்க யாருக்கும் நேரமில்லை என்று திருப்பித் தந்தார். நான்கு வரி. பிறகு மூன்று. "கூடும்", "சில வேளைகளில்" போன்ற சொற்களையெல்லாம் பென்சிலால் அடித்தார். எட்டாம் தடவை இரண்டு வரியில் நின்றது: இந்த மருந்து எடுப்பவர்களில் இந்த எண் நோயின் நிலையைக் காட்டாது. அறிகுறிகளையும் ஸ்கானையும் பாருங்கள். அவர் வாசித்து, "இது போகும், சிவபாதசுந்தரம்," என்றார். அந்த இரண்டு வரியைப் போல வேறு எதைப் பற்றியும் என் வேலையில் நான் பெருமைப்பட்டதில்லை.

இதை எழுதிய மனிதன்தான் அன்று குசினியில் நின்று, நம்பர் நல்லாத்தான் இருக்கு என்றவன்.

எப்படி நடந்தது என்று பல தடவை பின்னோக்கிப் பார்த்திருக்கிறேன். அபிக்கு அதே ஊசிமருந்து தொடங்கிய நாளில் சிறப்பு வைத்தியரின் அறையில் நானும் இருந்தேன். உயரமான பெண்மணி, நிதானமாகப் பேசுபவர். இந்த மருந்தில் இரத்தப் பரிசோதனையைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும் என்று தொடங்கினார். நான் தலையாட்டி, "தெரியும் டொக்டர், நான் ஆய்வுகூடத்தில் இருந்தவன்," என்றேன். அவர் புன்னகைத்து, அப்படியானால் உங்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை என்று அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டார். அபி இடையில் இருந்தாள். எனக்குத் தெரியும் என்பதால் அவளுக்கு யாரும் சொல்லவில்லை.

மாதாமாதம் அவள் கடைத்தொகுதியில் உள்ள ஓர் இரத்தம் எடுக்கும் இடத்தில் கொடுப்பாள். அது வேறு ஆய்வுகூடம். பரிசோதனைக் கோரிக்கைத் தாளில் மருந்தின் பெயர் இல்லாததால் குறிப்பு ஒன்றும் அச்சாகவில்லை. அறிக்கை என் தொலைபேசிக்கு வரும். முதலில் எண்பதாக இருந்தது ஒன்றுக்குக் கீழே போனபோது நான் சுகந்தியைக் கூப்பிட்டுக் காட்டினேன். அடுத்த சனிக்கிழமையே ஹெலன்ஸ்பர்க் கோயிலுக்குப் போய் அர்ச்சனை செய்தோம். தகப்பன் ஒருவனுக்கு அந்த எண் எவ்வளவு இனித்தது என்று இப்போது எழுதக் கூச்சமாக இருக்கிறது. மனத்தின் ஒரு மூலையில் அந்த இரண்டு வரி இருந்தது. அதை எடுத்துப் பார்க்க நான் விரும்பவில்லை.

அடுத்த ஸ்கான், மெல்பேர்னில் என் தங்கையின் மகளுக்குக் கலியாணம் நடந்த வாரத்தில் விழுந்தது. நான்தான் தொலைபேசி எடுத்து மூன்று மாதம் தள்ளிவைத்தேன். தள்ளினால் பரவாயில்லையா என்று அபி கேட்டாள்.

"சி.ஆர்.பி. ஒண்டுக்குக் கீழை. நீ போய் நல்லா ஆடிப்போட்டு வா."

கலியாணத்தில் எல்லோரும் கை உயர்த்தி ஆடிக்கொண்டிருந்தபோது அவள் சீக்கிரம் வந்து என் பக்கத்துக் கதிரையில் இருந்தாள். இடது கை சோர்கிறது என்றாள். இரவு நித்திரை இல்லை, பயணக் களைப்பு என்றேன். ஒரு மாதம் கழித்துச் சீப்பால் தலை இழுக்கும்போது கை கடுக்கிறது என்றாள். ரிப்போர்ட்டைத் திறந்து காட்டினேன். அவள் பார்த்துவிட்டு, "ஓகே அப்பா," என்று போய்விட்டாள். மூன்றாம் தடவை சொல்லவில்லை.

அவசரப் பிரிவில் அபியின் வலது கையில் இரத்த அழுத்தம் எடுத்தார்கள். கூடுதலாக இருந்தது. இடது கையில் இயந்திரம் மூன்று தடவை முயன்று ஒன்றும் காட்டாமல் நின்றது. இரத்தம் எடுத்தார்கள். ஒரு மணி நேரத்தில், முப்பது வயதிருக்கும் ஒரு வைத்தியர் அறிக்கையோடு வந்தார். அன்பான பிள்ளை. அவர் சொன்னதன் சாரம்: தோளுக்குக் கீழே குழாய் ஒடுங்கியிருக்கிறது. கை இப்போது கொஞ்சம் சூடாகி வருகிறது. அழற்சிக்கான எண் மிக நன்றாக இருப்பதால், இது நோய் மறுபடி கிளம்பியதல்ல, பழைய தழும்பாக இருக்கவேண்டும். வீட்டுக்குப் போய்த் திங்கட்கிழமை சிறப்பு வைத்தியரைப் பார்க்கலாம்.

சுகந்தி என்னைப் பார்த்தாள். எண்ணைப் பற்றிய பேச்சு என்றால் எங்கள் வீட்டில் அது என் பொறுப்பு.

நோய் கையோடு நிற்காது என்று எனக்குத் தெரியும். அதே பக்கத்தில்தான் மூளைக்குப் போகும் குழாய் இருக்கிறது. அது ஒடுங்கிக்கொண்டிருந்தால் திங்கட்கிழமை பிந்திப்போகலாம். ஆனால் வாய் திறந்தால் இன்னொன்றும் வெளியே வரும் என்பதும் தெரியும். ஒரு நிமிடம் பேசாமல் இருந்தேன். அதையும் மறைக்காமல் எழுதவேண்டும்.

பிறகு அந்த இரண்டு வரியைச் சொன்னேன். ஆங்கிலத்தில், அச்சில் இருந்தபடியே, ஒரு சொல் மாறாமல்.

வைத்தியர் மருந்தின் பெயரை மறுபடி பார்த்தார். "இதை எங்கே வாசித்தீர்கள்?" என்று கேட்டார். குரலில் சந்தேகம் இல்லை, போய்த் தேடிப்பார்க்கக் கேட்டார்.

"எழுதினது நான்தான்," என்றேன்.

அவர் உடனே தொலைபேசியை எடுத்துக்கொண்டு வெளியே போனார். திரைக்குள் நாங்கள் மூவரும் இருந்தோம். அபி கூரையைப் பார்த்துப் படுத்திருந்தாள். சிறிது நேரம் கழித்து முகத்தை என் பக்கம் திருப்பினாள்.

"அப்பா, உங்களுக்கு முதலே தெரியுமா?"

"ஓம்."

அவள் முகத்தை மறுபடி கூரைப் பக்கம் திருப்பிக்கொண்டாள். பக்கத்துத் திரைக்குப் பின்னால் ஒரு கிழவர் தாதியிடம் குதிரைப் பந்தயம் யார் வென்றது என்று விசாரித்துக்கொண்டிருந்தார்.

அதன் பின் எல்லாம் வேகமாக நடந்தன. சாயம் ஏற்றி ஸ்கான் எடுத்தார்கள். கைக்குப் போகும் குழாய் கிட்டத்தட்ட அடைந்திருந்தது. கழுத்தின் இடப்பக்கக் குழாயின் சுவரும் தடித்திருந்தது, ஆனால் வழி இன்னும் திறந்திருந்தது. பழைய தழும்பு அப்படி வீங்கியிருக்காது. தொலைபேசியிலேயே சிறப்பு வைத்தியர் சொன்னபடி, இரத்தம் உறையாமல் இருக்க ஒரு மருந்தும், அழற்சியை அடக்க ஸ்டீராய்டும் இரத்தநாளம் வழியாக ஏற்றத் தொடங்கினார்கள். இரண்டாவது பையில் பாதி இறங்கியபோது சுகந்தி அபியின் இடது உள்ளங்கையைத் தன் கன்னத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, கொஞ்சம் சூடு கூடியிருக்கிறது என்றாள். என்னையும் பார்க்கச் சொன்னாள். அந்தக் கையைத் தொட எனக்குத் தைரியம் வரவில்லை.

ஐந்து மணிக்குச் சிறிது முன்னால் சிறப்பு வைத்தியர் வந்தார். சனிக்கிழமை வீட்டிலிருந்து நேரே வந்திருக்கவேண்டும். சப்பாத்தில் புல்லும் மண்ணும் ஒட்டியிருந்தன. வீட்டிலிருந்து கையோடு கொண்டுவந்து மடியில் வைத்திருந்த, அபியின் மாதாந்த அறிக்கைகள் அடங்கிய கோப்பை எடுத்து நீட்டினேன். அவர் அதை வாங்கவில்லை. அபியின் இரண்டு மணிக்கட்டையும் ஒரே நேரத்தில் பிடித்துக்கொண்டு நெடுநேரம் நின்றார். கழுத்தில் ஸ்டெதஸ்கோப் வைத்துக் கேட்டார். பிறகு கட்டில் விளிம்பில் உட்கார்ந்தார். கழுத்துக் குழாய் தப்பிவிட்டது, கை மெல்ல மெல்லத் திரும்பும், ஊசியை மாற்றப்போகிறேன் என்று அபியிடம் சொன்னார். எவ்வளவு நாளாகக் கை வலிக்கிறது என்று கேட்டார். மூன்று மாதம் என்றாள் அபி.

"யாரிடமாவது சொன்னாயா?"

அபி என்னைப் பார்க்கவில்லை. "நோ. ஒருத்தருக்கும் சொல்லேல்லை," என்றாள். ஆங்கிலத்தில் தொடங்கித் தமிழில் முடித்தாள். அந்தத் தமிழ் எனக்கானது, வைத்தியருக்கல்ல.

"எனக்குச் சொன்னாள்," என்றேன். "இரண்டு தடவை. ஸ்கானைத் தள்ளிப்போட்டதும் நான்தான்."

வைத்தியர் என் பக்கம் திரும்பினார். எதையும் தாங்க நான் தயாராகத்தான் இருந்தேன். ஊசி தொடங்கிய அன்று நீங்கள் தலையாட்டியதும் நான் விளக்கத்தைப் பாதியில் நிறுத்தினேன், அது என் பிழை என்றார். பிறகு என் மடியில் இருந்த கோப்பைத் தானே எடுத்துத் தன் பைக்குள் வைத்துக்கொண்டார்.

"இனி இவள் சொல்வதை எனக்குச் சொல்லுங்கள். எண்களை நான் பார்த்துக்கொள்கிறேன்," என்றார்.